நம்மூர் வயலில் தூவிய பவுடர் வடதுருவம் போனது எப்படி? எளாவூர் முதல் ஆர்க்டிக் வரை... முழு விளக்கம்

எளாவூர் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது சோதனைச் சாவடிதான். சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடம். ஆனால் அந்த ரோட்டில் இருந்து கிழக்கே திரும்பி சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் காட்சியே மாறிவிடும். நெல் வயல், உப்பு படிந்த தரை, அதைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மடவையும் இறாலும் நண்டும்தான் கரையோர மீனவ கிராமங்களுக்குச் சோறு போடுகின்றன.

குளிர்காலம் வந்தால் பூநாரைகளைப் பார்க்க இங்கே கூட்டம் கூடும். சேற்றோரமாக ஓடி ஓடி இரை பொறுக்கும் 'கொசு உள்ளானை' மட்டும் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற சின்னப் பறவை. ஆனால் இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் பகுதியின் உறைபனிச் சமவெளியில். எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காமல் வருடா வருடம் போய்த் திரும்பும் பயணி.

இதே மாதிரி எல்லை எதையும் மதிக்காமல் வடக்கே போய்ச் சேர்ந்த இன்னொரு கூட்டமும் உண்டு. அது திரும்பி வரவில்லை. வயலில் தூவிய பூச்சி மருந்து, கொசுவுக்கு அடித்த டிடிடி, டிரான்ஸ்ஃபார்மரில் ஊற்றிய எண்ணெய். எளாவூரில் இருந்து ஆர்க்டிக் வட்டம் நேர்கோட்டில் பார்த்தாலே கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர். பூச்சிமருந்துக் கடையோ, நெல் வயலோ, மின்மாற்றியோ இல்லாத அந்த ஊரில், துருவக் கரடியின் கொழுப்பிலும் தாய்மார்களின் பாலிலும் இந்த ரசாயனங்கள் கிடைத்தன. எப்படிப் போனது? அதில் தமிழ்நாட்டுக்கு என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுச் சொன்ன ஆய்வே தமிழ்நாட்டில் நடந்ததுதான்.

பெயரே பெரிய பெயர்

'நிலைத்த கரிம மாசுகள்' என்பது இவற்றின் பெயர். சர்வதேசக் கூட்டங்களில் சுருக்கமாக 'பாப்ஸ்' என்பார்கள். 'கரிம' என்றால் கார்பனை அடிப்படையாகக் கொண்டது என்று அர்த்தம். இங்கிலீஷில் 'ஆர்கானிக்' என்று வருவதால், ஆர்கானிக் காய்கறி மாதிரி நல்ல பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். ரெண்டுக்கும் தொடர்பே கிடையாது.

ஒரு ரசாயனம் இந்தப் பட்டியலில் சேர நாலு குணம் வேண்டும். எளிதில் மட்கக் கூடாது. மண்ணிலும் நீரிலும் வருடக்கணக்கில் அப்படியே கிடக்க வேண்டும். தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்க வேண்டும். உயிர்களுக்குத் தீங்கு செய்ய வேண்டும். நாலாவதுதான் இங்கே கதாநாயகன், அதாவது வில்லன்: பயன்படுத்திய இடத்தை விட்டு வெகுதூரம் பயணம் போக வேண்டும்.

கிராமத்தில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் 'பி.எச்.சி. பவுடர்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே ஞாபகம் வரும். நெல்லுக்குத் தூவுகிற 10 சதவீத பவுடர். சில ஊர்களில் 'கமாக்சின்'. விஞ்ஞானிகள் இதை எச்.சி.எச். என்கிறார்கள். விலை மலிவு, கையால் தூவினாலே போதும், பூச்சி செத்துவிடும். பசுமைப் புரட்சிக் காலத்தில் நாடு முழுக்க மூட்டை மூட்டையாகப் போனது.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அந்தப் பவுடரில் பூச்சியைக் கொல்கிற பகுதி கொஞ்சம்தான். எச்.சி.எச். மூலக்கூறுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று பல வடிவங்கள். காமா மட்டும்தான் பூச்சிக்கொல்லி. அதைத் தனியாகப் பிரித்து 'லிண்டேன்' என்று விற்றார்கள். சாதாரண பவுடரில் இருந்த எச்.சி.எச்.சில் காமா சுமார் 10 முதல் 15 சதவீதம். பாதிக்கும் மேல் ஆல்ஃபா. அதாவது விவசாயி காசு கொடுத்து வாங்கி, வெயிலில் நின்று தூவியதில் பெரும்பகுதி பூச்சிக்கே வேலை செய்யாத சரக்கு. ஆர்க்டிக்கில் போய்க் குவிந்தது அந்த வேலை செய்யாத ஆல்ஃபாதான்.

பீரோவில் கரைகிற பாச்சை உருண்டை

பீரோவில் துணிக்கு நடுவே பாச்சை உருண்டை போட்டு வைக்கிறோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உருண்டை பாதியாகி இருக்கும். உருகி ஓடவும் இல்லை, யாரும் எடுக்கவும் இல்லை. திடப்பொருள் அப்படியே ஆவியாகிப் போய்விட்டது. எச்.சி.எச்., டிடிடி போன்றவையும் இப்படி மெதுவாக ஆவியாகும் ரகம். வெயில் ஏற ஏற வேகம் கூடும்.

அடுத்து, ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து வெளியே வைத்த பாட்டில். கொஞ்ச நேரத்தில் மேலெல்லாம் வியர்த்துவிடும். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஆவி, குளிர்ந்த பரப்பில் பட்டதும் துளியாகப் படிகிறது.

இந்த இரண்டையும் பூமி அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வெப்பமண்டலம்தான் அடுப்பு. துருவம் குளிர்ந்த பாட்டில். சூடான நாட்டில் ஆவியானது காற்றோடு போகிறது. குளிர்ந்த இடம் வந்ததும் மண்ணிலோ, கடலிலோ, பனியிலோ படிகிறது. அங்கேயும் கோடை வந்தால் மறுபடி கிளம்புகிறது. மறுபடி கொஞ்சம் வடக்கே இறங்குகிறது. இப்படித் தாவித் தாவிப் போவதால் இதற்கு 'வெட்டுக்கிளி விளைவு' என்று பெயர். 1975-ல் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற கடல் வேதியியலாளர் டிடிடி இப்படித்தான் பரவுகிறது என்று யோசனை சொன்னார். 1993-ல் கனடாவின் ஃபிராங்க் வானியா, டான் மெக்கே இருவரும் அதை முழுக் கோட்பாடாக விரித்து எழுதினார்கள்.

எல்லா ரசாயனமும் ஒரே மாதிரி தாவாது. இலேசானவை சீக்கிரம் துருவம் வரை போய்விடும். கனமானவை வழியிலேயே உட்கார்ந்துவிடும், அல்லது தூசியில் ஒட்டிக்கொண்டு போகும். உயரமான மலையும் குளிர்தானே? இமயமலைப் பனியிலும் இவை படிகின்றன.

துருவத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கிளம்புவதும் கஷ்டம், அழிவதும் கஷ்டம். அங்கே வெயில் குறைவு, மட்க வைக்கிற நுண்ணுயிர்களின் வேலையும் குளிரில் மந்தம். சென்னை வெயிலில் மாதக்கணக்கில் சிதையக்கூடியது அங்கே பல ஆண்டுகள் கிடக்கும்.

பரங்கிப்பேட்டையில் போட்ட கணக்கு: 99.6

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை, வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இங்கேதான் இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்சுகே தனபே குழுவும், இந்த மையத்தின் ஏ.என். சுப்பிரமணியன் உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து வெள்ளாற்றுப் பகுதியில் காற்று, நீர், சேறு, மீன் என்று எல்லாவற்றையும் சோதித்தார்கள்.

அவர்கள் எதிர்பார்த்தது எதுவாக இருந்தாலும், பொதுவாக யாரும் நினைப்பது என்ன? வயலில் தூவிய மருந்து மழையில் கரைந்து, வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு வந்து, கடலில் சேரும். காற்று பற்றி யார் யோசிப்பார்?

1991-ல் 'மரைன் பொல்யூஷன் புல்லட்டின்' இதழில் வெளியான கணக்கு அதைத் தலைகீழாக்கியது. வெள்ளாற்று வடிநிலத்தில் போடப்பட்ட எச்.சி.எச்.சில் 99.6 சதவீதம் காற்றுக்குப் போய்விடுகிறது. ஆற்று வழியாகக் கடலுக்குப் போவது வெறும் 0.4 சதவீதம். காற்றில் எச்.சி.எச். அளவு எகிறியது எப்போது? நெல் வளர்ந்து நிற்கும் மழைப் பருவத்தில். விவசாயி மருந்து தூவும் நாட்களும் காற்றில் அளவு ஏறும் நாட்களும் ஒத்துப்போயின.

நூறு கிலோ தூவினால் நானூறு கிராம் கடலுக்கு. மிச்சம் எல்லாம் ஆகாசத்துக்கு.

இதனால் ஒரு விசித்திரமான விளைவு. இவ்வளவு மருந்து தூவிய நாட்டில் ஆற்றுச் சேற்றிலும் மீனிலும் எச்.சி.எச். மலை போல இருக்க வேண்டும். ஆனால் பயன்படுத்திய அளவோடு ஒப்பிட்டால் குறைவாகவே இருந்தது. வெயில் ஒரு வகையில் நம்மூரைச் சுத்தம் செய்து, குப்பையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பக்கத்து வீடு என்பது பூமியின் உச்சி.

வாடை, தென்றல், கொண்டல் என்று காற்றுக்குத் திசை வைத்துப் பெயர் சொன்ன மொழி தமிழ். ஆனால் ஒரு தாவலில் தென்றல் இதை ஆர்க்டிக்கில் கொண்டுபோய் விட்டுவிடாது. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதியில் சூடான காற்று மேலே எழும்பும், உயரத்தில் திசை மாறும், எங்கோ இறங்கும். கடலில் கரையும், மறுபடி எழும்பும். வருடங்கள் பிடிக்கும் பயணம் இது.

நம்மூர் சரக்குதான் என்று எப்படித் தெரியும்?

மூலக்கூறில் ஊர்ப் பெயர் எழுதி இருக்காது. வெள்ளாற்றங்கரையில் கிளம்பிய அதே துகள்தான் இது என்று கைகாட்ட முடியாது. ஆனால் காலண்டர் காட்டிக்கொடுத்தது.

ஆர்க்டிக் காற்றில் ஆல்ஃபா எச்.சி.எச். எவ்வளவு இருக்கிறது என்று பல ஆண்டு அளவுகளை அடுக்கிப் பார்த்தபோது, அது சீராகக் குறையாமல் படிக்கட்டு மாதிரி இறங்கி இருந்தது. முதல் படி 1980-களின் தொடக்கத்தில். 1983-ல் சீனா தடை செய்ததோடு பொருந்துகிறது. அடுத்த படி 1990-ஐ ஒட்டி. இந்தியாவில் விவசாயப் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதும் சோவியத் நாடுகளில் பயன்பாடு சரிந்ததும் அந்தச் சமயத்தில்தான். இந்தியா முழுத் தடை போட்டது 1997-ல். உலகத்தில் இந்தப் பவுடரை மிக அதிகமாகப் பயன்படுத்திய நாடுகளில் சீனாவுக்கு அடுத்த வரிசையில் இருந்தது இந்தியா.

ஆசியாவின் குழாயை மூடினால் துருவத்தின் தொட்டியில் அளவு இறங்குகிறது. இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

பீட்டா வடிவத்தின் கதை தனி. அது காற்றைவிடத் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். பசிபிக் கடலில் இறங்கி, நீரோட்டத்தோடு நகர்ந்து, ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவில் உள்ள பெரிங் நீரிணை வழியாக ஆர்க்டிக் கடலுக்குள் நுழைந்தது. ஆல்ஃபா விமானத்தில் போனது என்றால் பீட்டா கப்பலில் போனது. தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

சுத்தமான பால் தேடிப் போன ஆய்வு

1980-களின் இறுதி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எரிக் டுவாய் என்ற மருத்துவ ஆய்வாளர் தாய்ப்பாலில் பி.சி.பி. எனப்படும் தொழிற்சாலை ரசாயனத்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பி.சி.பி. என்பது மின்மாற்றி எண்ணெயில் கலந்திருந்த பொருள். தெற்கே தொழில் நகரங்களில் வசிக்கும் பெண்களின் பாலோடு ஒப்பிட, மாசே இல்லாத ஒரு மாதிரி தேவைப்பட்டது. வடகோடியில் நுனாவிக் பகுதியில் வாழும் இனூயிட் பெண்கள்தான் சரியான ஆட்கள் என்று முடிவு செய்தார்கள். அங்கே ஆலையும் கிடையாது, புகையும் கிடையாது.

முடிவு வந்தபோது ஆய்வகமே ஏதோ தப்பு என்றுதான் நினைக்கத் தோன்றும். நுனாவிக் தாய்மார்களின் பாலில் இருந்த பி.சி.பி., தெற்கு கியூபெக் பெண்களுடையதைவிடச் சுமார் 5 மடங்கு.

காரணம் அவர்கள் சாப்பாடு. கடல் பாசியில் இம்மியளவு விஷம். பாசியைத் தின்னும் நுண்ணுயிரில் கொஞ்சம் கூடுதல். அதைத் தின்னும் ஆர்க்டிக் மீனில் இன்னும் கூடுதல். மீனைத் தின்னும் சீல், சீலைத் தின்னும் துருவக் கரடி. ஒவ்வொரு படியிலும் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும், வெளியேறாது. குளிரில் பிழைக்க அந்த ஊர் விலங்குகளுக்குக் கொழுப்புதான் கம்பளி. சீலையும் திமிங்கலத்தின் கொழுப்பையும் சாப்பிட்டு வாழும் இனூயிட் மக்கள் இந்தச் சங்கிலியின் உச்சியில் இருந்தார்கள். அவர்களுக்கும் மேலே ஒருவர் உண்டு: தாய்ப்பால் குடிக்கும் குழந்தை.

பாலைக் கொடுப்பதா, நிறுத்துவதா? அந்தத் தாய்மார்கள் கேட்ட கேள்வி இதுதான். தாய்ப்பாலின் நன்மை அதிகம், நிறுத்த வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொன்ன பதில். வேட்டை உணவை விட்டுவிடவும் முடியாது. காய்கறி விளையாத ஊரில், விமானத்தில் வரும் கடைச்சாமான் விலை கட்டுப்படியாகாது. அதைவிட, சீல் வேட்டை அவர்களுக்கு வெறும் சாப்பாடும் இல்லை. பழவேற்காட்டுக் கரையில் வலையும் 'பாடு' முறையும் எப்படியோ, அங்கே அது அப்படி.

மேஜை மேல் ஒரு தாய் சிலை

1998-ல் உலக நாடுகள் இந்த ரசாயனங்களுக்கு ஒப்பந்தம் போட உட்கார்ந்தன. 1999 தொடக்கத்தில் நைரோபியில் நடந்த பேச்சுவார்த்தையில் நுனாவிக்கைச் சேர்ந்த இனூயிட் தலைவர் ஷீலா வாட்-குளூட்டியர், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவராக இருந்த கிளாஸ் டாஃபரிடம் ஒரு கற்சிலையைக் கொடுத்தார். குழந்தையை ஏந்திய இனூயிட் தாயின் சிலை. அதற்குப் பிறகு நடந்த கூட்டங்களில் பேச்சுவார்த்தைத் தலைவரின் மேஜை மேல் அந்தச் சிலை இருந்தது. பேசுகிற எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

2001 மே மாதம் ஸ்டாக்ஹோமில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிடிடி, ஆல்ட்ரின், பி.சி.பி., டையாக்சின் உள்ளிட்ட 12 ரசாயனங்கள் முதல் பட்டியலில். இவற்றுக்கு 'அழுக்குப் பன்னிரண்டு' என்று பட்டப்பெயரே உண்டு. 2004 மே 17-ல் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தின் முன்னுரையிலேயே ஆர்க்டிக் மக்களுக்கு உள்ள ஆபத்து தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. இந்தியா 2006 ஜனவரியில் ஏற்றது. எச்.சி.எச். வடிவங்கள் 2009-ல்தான் பட்டியலில் சேர்ந்தன.

அதற்குப் பிறகு நுனாவிக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் பழைய பாப்ஸ் ரசாயனங்களின் அளவு பெருமளவு குறைந்தது. ஒப்பந்தம் என்றாலே காகிதம்தான் என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இந்தியாவின் தயக்கம்

இந்தியா எல்லாவற்றுக்கும் உடனே தலையாட்டவில்லை. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்ஃபான் நினைவிருக்கும். அந்த மருந்து ஆர்க்டிக் காற்றிலும் கண்டுபிடிக்கப்பட்டதால்தான் சர்வதேசப் பட்டியலுக்கே வந்தது. பட்டியலில் சேர்க்க இந்தியா கடைசி வரை எதிர்ப்புத் தெரிவித்து, 2011 ஏப்ரலில் விலக்குகளோடு ஒத்துக்கொண்டது. அடுத்த மாதமே, மே 13-ல், உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதித்தது.

டிடிடி விஷயத்தில் இந்தியாவின் வாதத்தை அப்படியே ஒதுக்கவும் முடியாது. 1953-ல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் டிடிடியை நம்பித்தான் ஓடியது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. 1989-ல் விவசாயத்துக்குத் தடை வந்த பிறகும் கொசு ஒழிப்புக்கு மட்டும் அனுமதி தொடர்ந்தது. சமீப ஆண்டுகள் வரை உலகிலேயே டிடிடி தயாரித்த ஒரே நாடு இந்தியாதான். மலேரியாவா, துருவமா என்று கேட்டால் மலேரியா வார்டில் குழந்தையோடு இருக்கும் தாய் என்ன சொல்வார்? ஒப்பந்தத்திலும் இந்த விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறது.

பவுடர் போச்சு, பிரச்சினை போச்சா?

போகவில்லை. வேறு சரக்கு வந்திருக்கிறது.

முதலில் குப்பைப் புகை. பிளாஸ்டிக், வயர் மாதிரி குளோரின் உள்ள பொருட்களை அரைகுறையாக எரித்தால் டையாக்சின் உருவாகும். யாரும் இதைத் தயாரிப்பதில்லை, விற்பதில்லை, தானாகப் பிறக்கிறது. சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கு மண்ணிலும், அதைச் சுற்றி வசித்த பெண்களின் தாய்ப்பாலிலும் டையாக்சின் இருப்பதை, 2000-களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வுகள் காட்டின. அதைச் செய்ததும் அதே தனபே குழுதான். கிடங்கில் மேயும் மாடுகளின் பால் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். நுனாவிக்கில் சீல், இங்கே பசும்பால். போகி அன்று டயர் கொளுத்துவதும், காப்பருக்காக வயரை எரிப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

அடுத்து பழைய மின்மாற்றிகள். பி.சி.பி. கலந்த எண்ணெய் உள்ள கருவிகளின் பயன்பாட்டை 2025 டிசம்பர் 31-க்குள் முழுக்க நிறுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே ஆணை போட்டது.

மூன்றாவது, பி.எஃப்.ஏ.எஸ். என்ற குடும்பம். ஒட்டாத தவா, தண்ணீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை எல்லாவற்றிலும் பயன்பட்டது. அழியவே அழியாது என்பதால் 'நிரந்தர ரசாயனம்' என்கிறார்கள். கடல் நீரோட்டத்தில் துருவம் வரை போகும். சென்னையில் அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், செம்பரம்பாக்கம் ஏரி நீரில் இவை இருப்பதாக ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் 2024-ல் தெரிவித்தார்கள். பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கே பழவேற்காடு ஏரியைத் தொட்டுத்தான் ஆந்திராவுக்குப் போகிறது.

நான்காவதாக, கடையில் இன்றும் கிடைக்கிற ஒன்று. குளோர்பைரிஃபாஸ். வீடு கட்டும்போது கரையானுக்கு அடிப்பார்களே, அதேதான், வயலிலும் பயன்படுகிறது. 2023 தொடக்கத்தில் தற்கொலைகளைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 60 நாள் தற்காலிகத் தடை போட்ட 6 பூச்சிக்கொல்லிகளில் இதுவும் இருந்தது. 2025-ல் ஜெனீவாவில் நடந்த கூட்டத்தில் இதை ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்த்தார்கள், ஆனால் பல பயிர்களுக்கும் கரையானுக்கும் தற்காலிக விலக்குகளோடு.

அப்போ ஏரி மீன் சாப்பிடலாமா?

இதைப் படித்துவிட்டு மடவைக் குழம்பைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன சங்கிலிக் கணக்கையே இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். மடவை சேற்றில் உள்ள பாசியையும் மக்கையும் தின்னும் மீன். இறாலும் சங்கிலியின் கீழ்ப்படிதான். ரெண்டுக்கும் ஆயுள் குறைவு. விஷம் சேர்க்க நேரமும் இல்லை, சீல் அளவுக்குக் கொழுப்பும் இல்லை. வெப்பமண்டல ஆசியாவின் மீன்களை ஒப்பிட்ட 1990-களின் ஆய்வுகளும், பயன்படுத்திய மருந்தின் அளவைப் பார்த்தால் மீனில் எச்சம் குறைவு என்றே சொன்னன. வெயில் செய்த வேலை.

பறவைகள் நிலைமை வேறு. 1998-ல் வெளியான தென்னிந்தியப் பறவைகள் ஆய்வில், வலசை வரும் பறவைகளைவிட இங்கேயே வாழும் உள்ளூர்ப் பறவைகளின் உடம்பில் எச்.சி.எச். அதிகம் இருந்தது. வலசைப் பறவைகளோ இங்கே தின்றதை உடம்பில் சுமந்துகொண்டு வடக்கே போகின்றன. காற்று, கடல் தவிர மூன்றாவது வழி இது. ஆர்க்டிக்கில் கடற்பறவைகள் கூட்டமாகத் தங்கும் பாறைகளுக்குக் கீழே உள்ள குளங்களில், அவற்றின் எச்சத்தால் மாசு அதிகமாவதைக் கனடா ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள்.

பழவேற்காட்டைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது ஆரணியாறு கொண்டுவரும் வயல்நீரும், சுற்றிலும் உள்ள தொழிற்பேட்டை, அனல்மின் நிலையக் கழிவும்தான். அதில் பாப்ஸ் ஒரு பகுதி மட்டுமே.

பனி திருப்பித் தருகிறது

கடைசியாக ஒரு திருப்பம். போய்ச் சேர்ந்த சரக்கு அங்கேயே உறைந்து கிடக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1988-ல் பெரிங் கடல் பகுதியில் அளந்தபோது காற்றில் இருந்த எச்.சி.எச். கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. 1993-ல் அதே இடத்தில் அளந்தால் ஆல்ஃபா எச்.சி.எச். கடலில் இருந்து காற்றுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆசியாவில் பயன்பாடு குறைந்து காற்று சுத்தமானதும், கடல் தான் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. புவி சூடாவதால் பனி உருகி, ஆர்க்டிக்கில் படிந்த பழைய ரசாயனங்கள் மறுபடி காற்றில் கலக்கின்றன என்று 2011-ல் வெளியான ஆய்வும் சொல்கிறது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் ஸ்வால்பார்டின் நை-ஆலசுண்டில், மலை உச்சியில் உள்ள செப்பலின் நிலையம் 1990-களில் இருந்து இந்தக் காற்றை அளந்துகொண்டே இருக்கிறது.

தென்துருவத்திலும் இதே கதை. அண்டார்டிகாவின் அடேலி பென்குயின் உடம்பில் டிடிடி இருப்பது முதலில் வெளியானது 1966-ல். அதற்குப் பிறகு உலகம் முழுக்க டிடிடி குறைந்தது. பென்குயின் உடம்பிலும் குறைந்திருக்க வேண்டும். 2008-ல் திரும்பச் சோதித்தபோது, 30 ஆண்டுகளில் பெரிதாகக் குறையவே இல்லை என்று தெரிந்தது. உருகும் பனிப்பாறைகளில் இருந்து மேற்கு அண்டார்டிகக் கடலோரத்தில் வருடத்துக்கு 1 முதல் 4 கிலோ டிடிடி வெளியே வந்துகொண்டிருப்பதாக அந்த ஆய்வு கணக்கிட்டது.